மடிப்புக்குள் தைத்த எடைக்கற்கள்

"அப்பா, நான் எவ்வளவு இருந்தா சரி?"

பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்கு முன்பே அவள் கேட்ட கேள்வி அது. கடையின் மேடைத்தராசில், இரண்டு கைகளையும் உடம்போடு ஒட்டிக்கொண்டு, மூச்சைக்கூட அடக்கியபடி நின்று கேட்டாள். பல்லிடுக்கில் திருகாணியைக் கடித்துக்கொண்டிருந்த தராசுக்காரர் அதை எடுக்காமலே சிரித்தார்.

"நீ என் எடைக்கல்லும்மா. கல்லு மாறவே கூடாது. மாறினா கடைக்கு ஆகாது."

அன்றிலிருந்து வீட்டில் அவளுக்குக் 'கல்லு' என்றே பேர். காலையில் நல்ல தராசில் அவளை நிறுத்துவார். மாலையில் பழுது பார்த்து முடித்த தராசில் நிறுத்துவார். இரண்டும் ஒன்றையே காட்டினால் வேலை சுத்தம். கடைக்கு வருகிறவர்களிடம், "அரசாங்க முத்திரை வச்ச கல்லு பெட்டியில இருக்கு. ஆண்டவன் முத்திரை வச்ச கல்லு இங்க நிக்குது" என்று பெருமையடித்துக்கொள்வார்.

அவள் மளமளவென்று வளர்ந்த ஒரு வருடத்தில், கடை நிறைய ஆள் இருக்கும்போது, "கல்லு ஏறிப்போச்சு! இனிமே இவளை ஏத்தினா பலகை தாங்காது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் அந்த மேடையில் ஏறவில்லை. அவர் அதைக் கவனிக்கவும் இல்லை.

இப்போது அவள் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படிக்கிறாள். விடுதியில் தங்கியிருக்கிறாள். சென்ற விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தபோது, உருளைக்கிழங்கு வியாபாரியின் தராசைப் பழுது பார்த்து முடித்திருந்த அப்பா, "பழைய ஞாபகத்துக்கு ஏறு கல்லு" என்று கட்டாயப்படுத்தி ஏற்றினார். வளர்ந்த ஒரு பெண் நின்றால் முள் நிற்கவேண்டிய இடம் அவருக்குத் தெரியும். அது எங்கோ கீழே நின்றது.

"தராசு கெட்டுப்போச்சுப்பா" என்று அவள் குதித்து இறங்கினாள்.

அவர் மகளை நம்பினார். தராசை நம்பவில்லை. ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து, நன்றாக இருந்த தராசைத் திருகித் திருகிக் கெடுத்து அனுப்பினார். வியாபாரி அதைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார். "உங்க புண்ணியத்துல வாடிக்கையெல்லாம் என்னைத் திருடன்னு சொல்லிட்டுப் போகுது" என்று மேசைமேல் வைத்தார். அதை மறுபடி சோதிக்க, பித்தளைக் கற்கள் இருக்கும் பெட்டியைத் திறந்தபோதுதான், சிவப்பு வெல்வெட்டில் பல குழிகள் காலியாக இருப்பதைத் தராசுக்காரர் பார்த்தார்.

சென்ற வாரம், மகள் விடுதிக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் நடந்தது இது. பின்னறையில் தங்கியிருந்த அவருடைய தம்பி, இளமையில் ஒருமுறை பழைய தராசு ஒன்றை இரும்புக்கடையில் போட்டுவிட்டு வந்தவர். அந்தப் பழைய அழுக்கை வைத்துக்கொண்டு, "நீதானே எடுத்தே?" என்று அண்ணன் கேட்டுவிட்டார். தம்பி சண்டை போடவில்லை. "சரிண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஒரு பையோடு தான் வேலை செய்யும் லாரி ஷெட்டுக்குப் போய்விட்டார்.

இந்தக் காலையில் தொலைபேசி அடித்தது.

"பல்கலைக்கழக நல அறையிலிருந்து பேசறேன். நான் இங்க நர்ஸ். எங்க எடை மெஷின்ல ஏதோ கோளாறு. இன்னிக்கே வந்து பார்க்க முடியுமா?"

தராசுக்காரருக்கு மகிழ்ச்சி. வேலையும் ஆயிற்று, மகளையும் பார்த்தது போலாயிற்று. கடை திறக்கும்முன் வழக்கம்போல் கண்மூடி நின்று, 'என் கையால யாருக்கும் ஒரு குண்டுமணிகூடக் குறையக்கூடாது ஆண்டவனே' என்று வேண்டிக்கொண்டார். வழியில் மகளுக்கு ஒரு பொட்டலம் பிஸ்கட் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

●

நல அறை மாடிப்படிக்குக் கீழே இருந்தது. ஒரு கட்டில், ஒரு திரை, கை கழுவும் தொட்டி, மூலையில் நெடிய தூணோடு ஓர் எடை மெஷின். குறுக்குக் கம்பியில் குண்டைத் தள்ளிப் பார்க்கிற பழைய வகை.

"என்ன கோளாறு சிஸ்டர்?"

"கூடக் காட்டுது."

"எல்லாருக்குமா?"

நர்ஸ் கொஞ்சம் தயங்கினாள். "ஒருத்திக்கு மட்டும்தான்னு தோணுது."

தராசுக்காரர் சிரித்துவிட்டார். "தராசுக்கு ஆள் தெரியாது சிஸ்டர்."

"எனக்கும் அதான் பயமா இருக்கு."

அவர் இரும்புக் கற்களை ஒவ்வொன்றாக ஏற்றினார். இறக்கினார். அடித்தட்டைத் துடைத்து, மட்டம் பார்த்து, மறுபடி ஏற்றினார். பிறகு நிமிர்ந்து கையைத் தட்டிக்கொண்டார்.

"தங்கம் நிறுக்கலாம். அவ்வளவு சுத்தம்."

நல்ல செய்தி கேட்டவள் போல அவள் முகம் மலரவில்லை. கட்டில் விளிம்பில் மெதுவாக உட்கார்ந்தாள். "கோளாறு இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்."

"ஏன் சிஸ்டர்?"

"யாருன்னு சொல்லக் கூடாது. ஒரு பொண்ணு. படியேறும்போது மயங்கி விழுந்தா. சாப்பிடறதில்ல. வாரா வாரம் வந்து எடை பார்க்கணும், எடை குறையாம இருந்தா படிப்பு தொடரலாம்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. எடை குறையவே இல்ல. ஆனா கையத் தொட்டா ஐஸ். தலைமுடி கொத்தா வருது. நான் எண்ணைப் பார்த்துட்டு அனுப்பிடறேன். ஆளைப் பார்த்தா அந்த எண்ணை நம்ப முடியல."

"பசியே எடுக்காதா அந்தப் பொண்ணுக்கு?"

"நல்லாவே எடுக்கும். அதுக்கு இடம் குடுத்துட்டா எல்லாம் கைவிட்டுப் போயிடும்னு பயம். திமிர்னு நினைச்சுடாதீங்க. வியாதி. சிலபேர் சாப்பிட மாட்டாங்க. சிலபேர் அள்ளிச் சாப்பிட்டுட்டு, குழாயைத் திறந்துவிட்டு வாந்தி எடுப்பாங்க. இந்தக் கட்டடத்துலயே எனக்குத் தெரிஞ்சு நாலஞ்சு பேர். தெரியாம எத்தனையோ."

"எங்க வீட்டுப் பொண்ணும் இங்கதான் படிக்குது" என்றார் அவர், கற்களைப் பையில் அடுக்கிக்கொண்டே. "நல்லவேளை, அது நல்லாச் சாப்பிடும். வீட்டுக்கு வந்தா தட்டு காலியாத்தான் திரும்பும்."

தட்டைத் தன் அறைக்கு எடுத்துப் போய், கதவைச் சாத்திக்கொண்டுதான் அவள் சாப்பிடுவாள் என்பது அவருக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. படிக்கிற பெண், படித்துக்கொண்டே சாப்பிடுகிறாள் என்றுதான் வீட்டில் எல்லோரும் பெருமைப்பட்டிருந்தார்கள்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது.

"கொஞ்சம் வெளிய இருக்கீங்களா? எடை பார்க்க யாரோ வந்திருக்காங்க" என்றாள் நர்ஸ்.

கதவு திறந்தது. முழங்காலுக்குக் கீழே வரை தொங்கும் கறுப்புக் கோட்டு. அதற்கு மேலே கல்லு.

"அப்பா!"

"அட, நம்ம கல்லு!" என்றார் அவர், இன்னும் ஒன்றும் புரியாமல். சட்டைப்பைக்குக் கை போயிற்று. "உனக்கென்னம்மா இங்க? காய்ச்சலா?"

நர்ஸ் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். அவள் கை தானாக வாயைப் பொத்திக்கொண்டது. பிறகு மெல்லக் கேட்டாள்: "அப்பா வெளிய இருக்கட்டுமாம்மா?"

வெளியே போகச் சொன்னால் சந்தேகம் வரும். அதை ஒரு நொடியில் கணக்குப் போட்டுவிட்ட முகத்தோடு அவள், "இங்கயே இருக்கட்டும். சும்மா எடைதானே" என்றாள்.

மேடையில் ஏறினாள். கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டாள். மூச்சை அடக்கிக்கொண்டாள். சின்ன வயதில் நின்ற அதே நிலை.

ஏறும்போது கோட்டின் ஓரம் இரும்புத் தூணில் இடித்து, 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

நர்ஸ் குண்டை நகர்த்தினாள். கம்பி மட்டமாக நின்றது. எடை சரியாக இருந்தது.

தராசுக்காரர் அந்தச் சத்தத்தைக் கேட்டபடியே நின்றார். துணிக்குள் இருக்கும் பித்தளை இரும்பில் பட்டால் வரும் சத்தம் அது. வாழ்நாள் முழுக்கக் கேட்ட சத்தம். அடித்தட்டின் திருகை முடுக்குகிறவர் போல அவர் மண்டியிட்டார். கதவு வழியே காற்று வீசியது. திரை ஆடியது. மகளின் கோட்டு ஆடவில்லை. அதன் கீழ்மடிப்பு நூல் கட்டி இழுத்ததுபோல் நேராகத் தொங்கியது. அவர் கையை நீட்டி அந்த மடிப்பைத் தொட்டார்.

பெரிய கல். அதற்கடுத்து நடுக்கல். அதற்கடுத்து இன்னொன்று.

"கல்லு, இறங்கும்மா."

"எடை சரியாத்தானே இருக்கு?" என்றாள் அவள். குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"தராசு சரியா இருக்கும்மா."



●

அவள் அழவில்லை. கோபம்தான் வந்தது.

"என்னை ஏன் எல்லாரும் இப்படிப் பார்க்கறீங்க? எனக்கு ஒண்ணும் இல்ல. இன்னிக்கு லேப் இருக்கு. நான் போகணும். அடுத்த வாரத்துலேருந்து சாப்பிடறேன். சத்தியமா."

"சத்தியம் வேண்டாம்மா" என்றாள் நர்ஸ், அவள் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டே. பார்க்கப் பார்க்க அவள் புருவம் சுருங்கியது. "நீ இப்ப ஆஸ்பத்திரிக்குப் போகணும். உன்னை யாரும் கட்டி இழுத்துட்டுப் போகப் போறதில்ல. ஆனா இந்த நாடியோட உன்னை லேபுக்கு அனுப்ப எனக்கு மனசு வராது."

"வர மாட்டேன்."

கதவோரம் ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். கல்லுவின் அறைத்தோழி. நெளிநெளியான முடிக்காக எல்லோரும் அவளைச் 'சுருட்டை' என்பார்கள். அவளும் நீளமான கோட்டுதான் போட்டிருந்தாள்.

"சிஸ்டர், அவளுக்கு என்னாச்சு? பையை விட்டுட்டு வந்துட்டா, அதான்..."

பையைத் தந்துவிட்டு, கோட்டின் ஓரத்தை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, வாசல் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள். அப்போது யாரும் அவளைக் கவனிக்கவில்லை.

தராசுக்காரர் மகளின் காலடியில் உட்கார்ந்திருந்தார். நர்ஸ் தந்த கத்தரிக்கோலால் மடிப்பின் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்தார். நெருக்கமான, ஒழுங்கான தையல். எவ்வளவு பொறுமையாகத் தைத்திருக்கிறாள்! அந்தப் பொறுமையில் கால்பங்கை இவள் தன்மேல் காட்டியிருக்கக் கூடாதா என்று அவர் நெஞ்சு அடித்துக்கொண்டது.

முதல் கல் கையில் விழுந்தது. மெல்லிய மஞ்சள் துணியில் சுற்றியிருந்தது.

"துணி சுத்தித்தான் வச்சிருக்கே" என்றார் அவர்.

"விரல் பட்டா வேர்வை ஒட்டும், எடை மாறிடும்னு நீங்கதானே சொல்லுவீங்க." அவள் குரல் முதல்முறையாக உடைந்தது. "திருப்பி வச்சிடணும்னுதான் நினைச்சேன். கீறல் விழக்கூடாதுன்னு பார்த்துக்கிட்டேன்."

கல்லுக்குக் கீறல் விழக்கூடாது என்று பார்த்துக்கொண்ட பெண்ணின் கை, சிறு பிள்ளையின் கைபோல் அவர் பிடிக்குள் அடங்கிப்போயிற்று. மணிக்கட்டு எலும்பின்மேல் தோல் மட்டும் இருந்தது. முழங்கைவரை பூனைமுடி படர்ந்திருந்தது. குளிருக்கு உடம்பு தனக்குத் தானே போர்த்திக்கொள்ள முயன்றிருந்தது.

"சின்ன வயசுல என்கிட்ட ஒரு கேள்வி கேட்டே. ஞாபகம் இருக்கா?"

அவள் பிரிந்த மடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு இருந்தா சரின்னு கேட்டே. கல்லு மாறக்கூடாதுன்னு சொன்னேன். அது பித்தளைக்குச் சொல்ற பதில்டா. பிள்ளைக்குச் சொல்ற பதில் இல்ல. பிள்ளைன்னா மாறணும். மாறறதுதான் அதுக்கு வேலை." அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நான் வாழ்நாள் பூரா நிறுத்தவன். ஆனா நீ எவ்வளவு இருந்தா சரின்னு எந்தத் தராசுக்கும் தெரியாதும்மா. அது தராசுகிட்டக் கேக்கற கேள்வியே இல்ல. போலாமா?"

தொட்டியில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு அவள் மேல் பொத்தானை அவிழ்த்தாள்.

"கோட்டு ரொம்ப கனமா இருக்குப்பா" என்றாள்.

●

அம்மாவுக்குப் பேருந்து நிலையத்தில் சீட்டுக் கொடுக்கும் வேலை. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, சிறு ஓட்டை வழியாக நாள் முழுக்க ஊர் பேர்களைக் கேட்டுக்கொண்டிருப்பவள். சீருடையைக்கூட மாற்றாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தாள். வராந்தாவிலேயே குரல் கேட்டது.

"என்ன குறை வச்சேன்டி உனக்கு? வாய்க்கு ருசியா ஆக்கிப் போடலயா? ஊர்ல சோத்துக்கு இல்லாம எத்தனை பேர்..."

"அம்மா." மருத்துவர் அவளை மெல்லத் தோளில் பிடித்து வாசல்பக்கம் திருப்பினாள். இளவயதுப் பெண். ஆனால் குரலில் உறுதி இருந்தது. "உள்ள போறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு அஞ்சு நிமிஷம் பேசுங்க."

வராந்தா பெஞ்சில் மூவரும் உட்கார்ந்தார்கள்.

"இதயம் ரொம்ப மெதுவாத் துடிக்குது. ரத்தத்துல இருக்கவேண்டிய உப்பெல்லாம் குறைஞ்சிருக்கு. இந்த நிலையில மாடிப்படி ஏறி இறங்கியிருக்கா. நான் இப்ப எந்த வாக்கும் குடுக்க மாட்டேன். சில நாள் போகட்டும்."

"வயிறு நிறையச் சாப்பிட வச்சுட்டா சரியாகிடுமா டாக்டர்? நான் கையோட ஆக்கிக் கொண்டு வரேன்."

"கூடவே கூடாது. பட்டினி கிடந்த உடம்புக்கு ஒரேயடியா குடுத்தா அதுவே ஆபத்து. கொஞ்சம் கொஞ்சமாத்தான். அளவை நாங்க சொல்றோம். மனநல டாக்டர் ஒருத்தர் வருவாங்க. வாரக்கணக்குல இல்ல, மாசக்கணக்குல ஆகும். நடுவுல சறுக்கும். சறுக்கினா திட்டாதீங்க."

"நாங்க என்னதான் பண்றது?"

"சாப்பிடற நேரத்துல யாராவது கூட உக்காந்து நீங்களும் சாப்பிடுங்க. தட்டைப் பார்க்காதீங்க. சினிமா, அரசியல், அடுத்த வீட்டுச் சண்டை, எதை வேணா பேசுங்க. உடம்பைப் பத்தி மட்டும் பேசாதீங்க. மெலிஞ்சுட்டேன்னும் வேண்டாம், தேறிட்டேன்னும் வேண்டாம்."

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "போன வருஷம் நான்தான் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரி முன்னால, 'என் பொண்ணு இளைச்சு அழகாயிட்டா பாரு'ன்னு. அவ முகம் எவ்வளவு மலர்ந்துச்சு தெரியுமா டாக்டர்?"

"நான் அவளைப் பலகை தாங்காதுன்னு கேலி பண்ணினேன்" என்றார் தராசுக்காரர்.

"ரெண்டு பேரும் போட்டி போடாதீங்க" என்றாள் மருத்துவர். அவள் உதட்டில் லேசாகச் சிரிப்பு வந்து போயிற்று. "இது ஒரு வார்த்தையால வர்ற வியாதி இல்ல. ஆயிரம் வழியில வரும். யார் குத்தம்னு தேடறதுக்கு இப்ப நேரமும் இல்ல. போங்க. போய்ப் பக்கத்துல உக்காருங்க. கையைப் பிடிச்சுக்கோங்க. அதுவும் மருந்துதான்."

நாமெல்லாம் செய்கிற காரியம்தான் இது. வெகுநாள் கழித்து ஒரு பெண்பிள்ளையைப் பார்த்தால் படிப்பைக் கேட்கும் முன்னே, 'இளைச்சுட்டியே', 'சதை போட்டுட்டியே' என்று நம் கண்ணாலேயே அவளை நிறுத்துவிடுகிறோம். கேட்டவள் சிரிக்கிறாள் என்பதற்காக அந்தச் சொல் அவளைத் தொடவில்லை என்று ஆகிவிடாது.

அம்மா உள்ளே போனாள். மகளின் கட்டிலருகே உட்கார்ந்தாள். கையைப் பிடித்துக்கொண்டாள். கடைசியில், "இன்னிக்கு ஒருத்தன் வந்து, 'என் பொண்டாட்டி எந்த ஊருக்குப் போனாளோ அதுக்கு ஒரு சீட்டு குடுங்க'ன்னு கேட்டான்டி" என்றாள்.

கல்லு மூடிய கண்ணைத் திறந்தாள். "நீ என்ன சொன்னே?"

"பின்னால நிக்கறவர் வழி விடுங்கன்னு கத்தறார். நான் என்ன சொல்றது? 'அவங்க ஊரைச் சொல்லாம போயிருக்காங்கன்னா காரணம் இருக்கும் சார்'னு சொன்னேன்."

சிரிப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் அவள் உதடு அசைந்தது. உடனே முகம் மறுபடி சுருங்கியது.

"அம்மா, சித்தப்பா எங்க?"

"ஷெட்டுலதான் படுத்துக்கறார். தினமும் பஸ் ஸ்டாண்டு வழியா வண்டி ஓட்டிட்டுப் போவார். நான்தான் கண்ணாடி ஓட்டை வழியா டீ ஃப்ளாஸ்க்கை நீட்டுவேன். உங்க அப்பாவுக்குத் தெரியாது."

"அவரைக் கூப்பிடும்மா. நான் பேசணும்."

●

சித்தப்பா வரும்போது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. சட்டையில் டீசல் வாடை. வாசலில் செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று விழித்து, கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்.

"ஏ கழுதை, ஆஸ்பத்திரியில கட்டில் காலியா இருக்குன்னு வந்து படுத்துட்டியா?"

"சித்தப்பா, கல்லையெல்லாம் எடுத்தது நான்."

"ம். அண்ணி சொன்னாங்க."

"அப்பா உங்களைக் கேட்டப்ப நான் கதவுக்குப் பின்னாடிதான் நின்னேன். எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் நின்னேன்."

"தெரியும். கதவுக்குக் கீழ உன் செருப்பு தெரிஞ்சுது."

அவள் விழித்தாள். "அப்ப ஏன் ஒண்ணும் சொல்லல?"

"என்னத்தச் சொல்றது? நீ எடுத்தேன்னு எனக்கென்ன சோதிடமா தெரியும்? நீ பயந்து நிக்கறேன்னு மட்டும் தெரிஞ்சுது. பயந்து நிக்கறவளை இழுத்து நடுக்கூடத்துல விடறதா?" அவர் தலையைச் சொறிந்துகொண்டார். "ஆனா நானும் தப்புத்தான் பண்ணினேன். அன்னிக்கே உன் கதவைத் தட்டி, என்னடான்னு கேட்டிருக்கணும். பேசாம இருக்கறதே பெரிய மனுஷத்தனம்னு நினைச்சுட்டேன்."

ஒரு பணிப்பெண் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். ஒரு துண்டு ரொட்டி. "பாதி ரொட்டி போதும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க" என்றாள்.

கல்லு தட்டைப் பார்த்த பார்வையில் பயம் தெரிந்தது. பாம்பைப் பார்த்தவள் போலத் தலையணையோடு ஒட்டிக்கொண்டாள்.

சித்தப்பா ரொட்டியை எடுத்தார். கண்ணுக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடி அளந்து, நடுவில் பிய்த்தார். இரண்டு பாதியையும் இரண்டு உள்ளங்கையில் வைத்து ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"சரியா இருக்கு. தராசுக்காரன் வீடாச்சே." தன் பாதியை வாயில் போட்டுக்கொண்டார். "ஆஸ்பத்திரி ரொட்டிக்கு உப்பே போட மாட்டானுங்க போல."

"உங்களுக்கு நான் எப்படித் திருப்பிக் குடுக்கப் போறேன் சித்தப்பா? என்னால உங்களைத் திருடன்னு..."

"அட, கடன் கணக்கு வேற பேசறியா? சரி, பேசிடலாம்." மீதிப் பாதியைத் தட்டில் வைத்தார். "என் விலை இவ்வளவுதான். மலிவுதான், பார்த்துக்கோ. முடிஞ்சா முடி. முடியலன்னா நாளைக்குப் பார்க்கலாம், கடன்காரி எங்க ஓடிடப் போறா? நான் பார்க்க மாட்டேன். சாப்பிட்டியான்னு கேக்கவும் மாட்டேன்."

●

வராந்தா பெஞ்சில் தராசுக்காரர், வேலைப்பையிலிருந்து எடுத்த கற்பெட்டியை மடியில் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். உள்ளே போகத் துணிவில்லை. தம்பியின் முகத்தில் எப்படி விழிப்பது?

மஞ்சள் துணியைப் பிரித்து ஒவ்வொரு கல்லாகக் குழியில் வைத்தார். பெரியது, நடு, சின்னது. எல்லாம் வந்து சேர்ந்தன.

ஒரு குழி மட்டும் காலியாகவே இருந்தது.

கோட்டை மறுபடி உதறினார். மடிப்பு முழுக்கத் தடவினார். ஒன்றுமில்லை. நல அறையில், 'இன்னொரு கல் எங்கே' என்று அவர் கேட்டபோது மகள், "அது என்கிட்ட இல்லப்பா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது நினைவுக்கு வந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. வாசல் நாற்காலியில், கோட்டின் ஓரத்தை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மெதுவாக உட்கார்ந்த ஒரு பெண்.

அவர் எழுந்து நின்றுவிட்டார். நல அறையின் எண்ணை அழுத்தினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க ஆளில்லை.

"யாருக்குண்ணே இவ்வளவு அவசரமா?"

பின்னால் தம்பி நின்றிருந்தார். கையில் செருப்பு.

தராசுக்காரர் திரும்பினார். தம்பியின் இரண்டு தோள்களையும் பிடித்துக்கொண்டார். டீசல் வாடை அடித்த சட்டையில் நெற்றியை வைத்தார்.

"விடுண்ணே, விடு. சட்டை அழுக்கு. அண்ணி எங்க?"

"மருந்து வாங்கப் போயிருக்கா." அவர் விம்மலுக்கு நடுவே சொன்னார். "இன்னொரு பொண்ணு இருக்குடா. இன்னொரு பொண்ணும் இருக்கு. வண்டி வச்சிருக்கியா?"

●

உள்ளே, திரை பாதி இழுத்திருந்தது. பக்கத்துக் கட்டில்காரம்மா சுவர்ப்பக்கம் திரும்பி உறங்கிக்கொண்டிருந்தாள். அறையில் வேறு யாருமில்லை.

கல்லு அந்தப் பாதி ரொட்டியைப் பார்த்தாள்.

கட்டிலுக்குக் கீழே மூடியுள்ள குப்பைக் கூடை. தலைமாட்டில் திறந்த ஜன்னல். மெத்தைக்கும் உறைக்கும் நடுவே விரல் நுழைகிற இடைவெளி. எந்த அறைக்குள் நுழைந்தாலும் இந்த இடங்கள்தான் அவள் கண்ணில் முதலில் படும். இந்த அறையிலும் வந்ததுமே பட்டிருந்தன. யாரும் பார்க்க மாட்டார்கள். யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

வராந்தாவில் இரண்டு ஆண்கள் அழுகிற சத்தம் தாழ்வாகக் கேட்டது. பிறகு வாசலில் ஒரு வண்டி கிளம்பிப் போனது.

அவள் ரொட்டியிலிருந்து ஒரு நுனியைப் பிய்த்தாள். உள்ளிருந்து ஒரு குரல், வேண்டாம், வேண்டாம் என்று கத்தியது. அது கத்திக்கொண்டேயிருக்க, நுனியை வாயில் வைத்தாள். கண்ணீர் அதற்கு உப்பானது. மென்றாள். விழுங்கினாள். தொண்டை எரிந்தது. கண்ணை மூடி, எதையோ தாண்டுகிறவள் போல மூச்சை இழுத்துக்கொண்டு, அடுத்த துண்டைப் பிய்த்தாள்.

ஜன்னலில் வெயில் இறங்கி முடியும்வரை ஆயிற்று. போர்வையில் விழுந்திருந்த துகளை விரல் நுனியால் ஒற்றி எடுத்தாள். அதையும் விழுங்கினாள்.

பிறகு காலித் தட்டை மேசைக்குக் கீழே, யார் கண்ணுக்கும் படாத இடத்தில் நகர்த்தி வைத்துவிட்டு, சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.